தூரத்தில் நடந்த போர் எதுவும் உங்கள் குடும்பத்தைத் தொட்டிருக்கிறதா?

தொட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போனவர் யாரும் கிடையாது. அப்பத்தாவின் அண்ணன் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போனவர். போர்தான் அவர் இருந்த இடத்துக்கு வந்தது.

எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, காலமான பிறகு அட்டாலியைச் சுத்தம் செய்தபோது, பழைய பேப்பர் கடைக்குக் கட்டி வைத்திருந்த கட்டுக்குள் பெரிய எழுத்துப் பாரதக் கதைப் புத்தகம் ஒன்று இருந்தது. அட்டை இல்லை, ஓரமெல்லாம் செல்லரித்துப் போயிருந்தது. கடைசி வெற்றுத் தாளில் அப்பாரு மையில் மூன்று வரி எழுதியிருந்தார்.

தாது வருஷம் ஆவணி, மச்சான் மலேயா போனது.
விசு வருஷம் ஐப்பசி, கடைசிக் காயிதம்.
விய வருஷம் தை, சேதி வந்தது.

தாது வருஷம் என்றதும் 1876ல் வந்த பஞ்சம்தான் நினைவுக்கு வந்தது. அப்போது அப்பாருவே பிறக்கவில்லையே! அப்புறம்தான் உறைத்தது, அறுபது வருஷம் சுற்றி 1936லும் தாது வந்திருக்கிறது. மற்றதையும் அதே மாதிரி கணக்குப் போட்டேன். விசு ஐப்பசி என்றால் 1941. அடுத்த மாதமே, டிசம்பர் 8ல், ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. அதற்குப் பிறகு காயிதம் எப்படி வரும்?

விய தை, 1947 ஜனவரி. அதே தோட்டத்தில் இருந்து ஊர் திரும்பிய ஒருவர் சொன்ன சேதி அது. ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிப் போனார்கள், திரும்பி வரவில்லை.

சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து. அங்கிருந்து பர்மாவுக்குப் பாதை 415 கிலோமீட்டர். காட்டிலும் மழையிலும் காலராவிலும் வேலை வாங்கி, 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழர்களும் பர்மியர்களும் மலாய்க்காரர்களுமாக இறந்த கூலிகள் சுமார் 90,000 என்கிறார்கள். அந்தச் 'சுமார்' என்ற சொல்தான் எனக்குத் தாங்கவில்லை. கைதிக்கு அவன் படை கணக்கு வைத்திருந்தது. தாய்லாந்தில் காஞ்சனபுரி மயானத்தில் அந்தக் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. கூலிக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

எங்கள் பக்கம் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடுவார்கள். படுகளத்தில் செத்துக் கிடக்கும் அண்ணன்களைத் தங்கை தேடிப் போய் எழுப்பும் இடம் வந்தால் அப்பத்தா எழுந்து வீட்டுக்குப் போய்விடும். தூக்கம் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொள்வேன். கதையில் வரும் தங்கைக்குப் படுகளம் இருக்கும் இடமாவது தெரியும். அப்பத்தாவுக்குச் சயாம் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது.

இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்க வழியில்லை. போன ஆடி அமாவாசைக்குக் கொடுமுடியில் அவருக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அய்யர் பெயர் கேட்டார். அப்பா திகைத்து நின்றுவிட்டார். 'மலேயா மாமன்' என்று கேட்டே வளர்ந்தவர், பெயர் தெரியவில்லை. பெரிய அத்தைக்குப் போன் போட்டோம். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் அந்த மூன்று வரிக்குக் கீழே பென்சிலில் அவர் பெயரை எழுதி வைத்தேன்.