நியான் இணைகளில் மெதுவான எலக்ட்ரான்கள்: இரைச்சலா, ஆற்றல் கைமாற்றமா?

கேள்வி: நியான் கற்றையின் மீது 60 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்களைச் செலுத்துகிறேன். அணுக்கள் இணைகளாகச் சேரும்போது, 2 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவான ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் கூடுதலாகத் தெரிகின்றன. இது கருவியின் இரைச்சலா?
– ஆய்வு மாணவர் ஒருவர்

பதில்: இணைகள் உருவாகும்போது மட்டும் கூடுவதால், இரைச்சலாக இருக்க வாய்ப்புக் குறைவு. அணுவிடைக் கூலும் சிதைவையே, அதாவது கிளர்ந்த அயனி தன் மிகை ஆற்றலை அண்டை அணுவுக்குக் கைமாற்றி அதிலிருந்து எலக்ட்ரானை வெளியேற்றும் நிகழ்வையே, முதலில் ஐயுற வேண்டும். 1997இல் ஹைடல்பெர்க்கில் லோரன்ஸ் செடர்பாமும் அவருடைய குழுவினரும் கோட்பாட்டளவில் முன்னுரைத்த இந்நிகழ்வு, 2003இல் நியான் கொத்துகளிலும் அடுத்த ஆண்டில் நியான் இணைகளிலும் சோதனைவழி காணப்பட்டது.

நியானின் வெளிக்கூட்டில் ஆழமாகப் பிணைந்த 2எஸ் எலக்ட்ரானை அகற்ற 48.5 எலக்ட்ரான் வோல்ட்டும், அதைவிடத் தளர்வாகப் பிணைந்த 2பி எலக்ட்ரானை அகற்ற 21.6 எலக்ட்ரான் வோல்ட்டும் தேவை. ஃபோட்டான் 2எஸ் எலக்ட்ரானை அகற்றியதால் உண்டாகும் காலியிடத்தை 2பி எலக்ட்ரான் ஒன்று நிரப்பும்போது விடுபடும் 26.9 எலக்ட்ரான் வோல்ட், அதே அயனியிலிருந்து இன்னோர் எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவைப்படும் ஏறத்தாழ 41 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு எட்டாது என்பதால், தனித்த அணு ஒளியை உமிழ்ந்தே தணிய வேண்டியிருக்கிறது. சுமார் 3.1 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் நடுநிலை நியான் ஒன்று இருந்தால் நிலைமை அடியோடு மாறுகிறது: அதை அயனியாக்க 21.6 போதும். இரு அணுக்களின் எலக்ட்ரான்களுக்கு இடையிலான கூலும் விசையே (மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை) ஆற்றலைக் கைமாற்றுகிறது. ஒரு ஃபோட்டான் உமிழப்பட்டு மறுபடி உட்கவரப்படுவதில்லை. இந்த வேறுபாட்டை மாணவர்கள் தெளிவாகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

மிஞ்சும் 5.3 எலக்ட்ரான் வோல்ட்டில் ஏறத்தாழ 4.6, ஒன்றையொன்று விலக்கும் இரு நியான் அயனிகளின் இயக்க ஆற்றலாகிறது. எஞ்சியதே உங்கள் மெதுவான எலக்ட்ரான்.

ஆனால் ஒரு மாற்று விளக்கத்தையும் விலக்கியாக வேண்டும். 38.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் வெளியேறும் 2பி எலக்ட்ரான், அண்டை அணுவை மோதியும் அயனியாக்கலாம். எனவே ஃபோட்டான் ஆற்றலைச் சற்றே மாற்றிப் பாருங்கள்: மோதலில் பிறந்த எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவல் அதனுடன் மாறும், சிதைவில் பிறந்தவற்றினுடையது மாறாது; 48.5க்குக் கீழே இறங்கினால் பின்னவை மறைந்துவிடும். கருவி இடங்கொடுத்தால், எதிரெதிர்த் திசைகளில் பறக்கும் இரு அயனிகளையும் எலக்ட்ரானையும் ஒரே நிகழ்வில் சேர்த்து அளவிடுங்கள். எலக்ட்ரானின் ஆற்றலை ஓர் அச்சிலும் அயனிகளின் மொத்த ஆற்றலை மற்றோர் அச்சிலும் குறித்தால், கூட்டுத்தொகை 5.3 ஆக நிலைக்கும் புள்ளிகள் ஒரு சாய்கோட்டில் திரளும். கற்றையில் பெரும்பான்மையாக இருக்கும் தனி அணுக்களின் பங்களிப்பு, இரு அயனிகள் என்ற நிபந்தனையாலேயே பெருமளவு நீங்கிவிடும்.