வாசகர் கேள்வி – பதில்: பாங்கோர் தீவு

(ஆயர் தாவாரிலிருந்து வந்த மூன்று கடிதங்கள் மலேசியாவின் பேராக் மாநிலக் கரையை ஒட்டிய பாங்கோர் தீவைப் பற்றியவையாக இருந்ததால், இவ்விதழில் அவற்றுக்கு ஒருசேரப் பதிலளிக்கிறோம்.)

கேள்வி: எங்கள் தோட்டத்து ஆலய இளைஞர் பகுதியினர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பாங்கோருக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். கடலில் குளிப்பதைத் தவிர அவர்களுக்குக் காட்ட அங்கே என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது, ஆனால் அது சுற்றுலாப் பயணிகள் விரைந்து செல்லும் பக்கத்தில் இல்லை. குளிப்பதற்கேற்ற தெலுக் நிப்பாவும் பாசிர் போகாக்கும் தீவின் மேற்குப் பகுதியில் இருக்க, மீனவர் குடியிருப்புகளில் பெரும்பாலானவை பெருநிலத்தை நோக்கிய கிழக்குக் கரையில் நெருக்கமாக அமைந்துள்ளன. பெருநிலத்தில் உள்ள லூமுட்டிலிருந்து வரும் ஃபெரி முதலில் சுங்கை பினாங் கெச்சில் துறையில் நின்று, அதன் பிறகே பாங்கோர் பட்டணத்தை அடைகிறது. வெளியூரார் பலர் பட்டணத்தில் இறங்கி, இளஞ்சிவப்பு வாடகை வேனில் ஏறி, நேரே கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் பிள்ளைகளை முதல் துறையிலேயே இறக்கிக் கரையோரமாக நடத்திச் செல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். நீரின்மேல் தூண்களில் நிற்கும் வீடுகளையும், கட்டிவைத்த மீன்பிடிப் படகுகளையும், வெயிலில் காயும் நெத்திலியையும் அவர்கள் அருகிலிருந்து பார்க்கலாம். மரப்படகு கட்டும் பட்டறைகளுக்குள் நுழையுமுன் அங்குள்ளவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஃபெரி நமக்கு உல்லாசப் பயணம். தீவினருக்கோ அதுதான் சாலை. பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர் பெருநிலத்தில் உள்ள ஸ்ரீ மஞ்சோங்குக்குக் கடல் கடந்துதான் வர வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு ஃபெரியில் அமர்ந்திருக்கும்போதே சொல்லுங்கள். நம்மவர்களும் அத்தீவில் வாழ்கிறார்கள். ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்தின் மாசி மகத் திருவிழாவுக்குப் பெருநிலத்திலிருந்து பக்தர்கள் திரளாகச் செல்வதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆயினும் மீனவர் வாழ்க்கையைக் காண விரும்புவோர் கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் செல்வதே நல்லது.

கேள்வி: பாங்கோர் ஒரு காலத்தில் பேராக்கின் ஆட்சியில் இல்லை என்று எங்கள் வரலாற்று ஆசிரியர் கூறினார். அது உண்மையா? (படிவம் 4 மாணவி)

பதில்: உண்மைதான். 1874 ஜனவரி 20ஆம் நாள், பாங்கோர் அருகே நின்ற புளூட்டோ என்னும் கப்பலில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, ராஜா அப்துல்லா பேராக்கின் சுல்தானாக ஏற்கப்பட்டார். அதற்கு ஈடாக அவர் ரெசிடெண்ட் எனப்படும் ஆங்கிலேய ஆலோசகர் ஒருவரின் ஆலோசனையை ஏற்க வேண்டியதாயிற்று. பாங்கோரும் அதன் எதிர்க்கரை நிலப்பகுதியும் டிண்டிங்ஸ் என்ற பெயரில், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய ஆங்கிலேயரின் நீரிணைக் குடியேற்றங்களின் பகுதியாகி, 1935இல்தான் பேராக்கிடம் திரும்பின. தேர்வுக்காக இந்த ஆண்டுகளை மனனம் செய்வதோடு நிறுத்திவிடாதீர்கள். பேராக்கில் ஆங்கிலேயர் கால் ஊன்ற வழி செய்தது இந்த உடன்படிக்கை. அவர்களின் ஆட்சியில்தான் இங்கே தோட்டங்கள் பெருகின, அவற்றில் உழைக்கத் தமிழர்கள் கடல் கடந்து வந்தார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா எந்தத் தோட்டத்துக்கு வந்தார் என்று வீட்டில் கேட்டு, அதையும் இந்த ஆண்டுகளுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். தீவுக்குச் சென்றால் தெலுக் கெடுங்கில் உள்ள டச்சுக் கோட்டையையும் பாருங்கள். பேராக்கின் ஈயத்துக்காக 1670இல் கட்டப்பட்ட அது, ஆங்கிலேயருக்கு முன்பே இக்கரையில் அந்நியர் கண் வைத்திருந்ததைக் காட்டும்.

கேள்வி: பாங்கோரில் வாங்கும் நெத்திலி ஒரு முறை முழுதாகவும் பளபளப்பாகவும் இருக்கிறது, மறுமுறை வயிறு உடைந்து மஞ்சள் பாரித்துக் கிடக்கிறது. விலை என்னவோ ஒன்றுதான். காரணம் என்ன?

பதில்: நெத்திலி மிக மென்மையான மீன். அதன் வயிற்றில் உள்ள செரிமானச் சுரப்பு, மீன் இறந்த சிறிது நேரத்திலேயே அதன் சதையையே கரைக்கத் தொடங்கிவிடும். ஆகவேதான் நெத்திலிப் படகுகளில் அடுப்பும் கொப்பரையும் இருக்கும். வலையை இழுத்த கையோடு, கரை திரும்பும்வரை காத்திராமல், உப்பு நீரில் மீனை வேகவைத்துவிடுவார்கள். வெந்ததும் அச்சுரப்பு செயலிழந்து, மீன் உடையாமல் நிற்கிறது. வேகவைக்கத் தாமதமானால் வயிறு வெடித்துவிடும். பிறகு எவ்வளவு வெயிலில் காயவைத்தாலும் அது சீராகாது. மஞ்சள் நிறம் பெரும்பாலும் மீனின் கொழுப்பு காற்றுப்பட்டுக் கெடுவதால் வருவது. சரியாகக் காயாமலோ நெடுநாள் கிடந்தோ போன மீனில் இது கூடுதலாகத் தெரியும். விலை ஒன்றாக இருந்தாலும் தரம் ஒன்றல்ல என்று நீங்கள் கண்டது சரியே.

வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர வேண்டும். நடுவில் ஒடித்தால் படீரென ஒடிய வேண்டும். காறல் வாடை அடிக்கக் கூடாது. தலை கிள்ளிச் சுத்தம் செய்த நெத்திலிக்கு அந்தக் கைவேலைக்காகவே விலை கூடுதல் என்பதால், வீட்டில் ஆள் இருந்தால் முழு மீனை வாங்கி நீங்களே கிள்ளிக்கொள்ளலாம். அந்தத் தலைகளைக் கொதிக்கவைத்து வடித்த நீர் சூப்புக்கு நன்றாக இருக்கும். மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் அடுப்பங்கரை அலமாரியில் வைத்தால், நல்ல நெத்திலியும் சில வாரங்களில் மஞ்சள் பாரித்துவிடும்.