பக் கன்வெர்ட்டர், மோட்டார், பேட்டரி போர்டு: இதற்கெல்லாம் எந்தக் கரண்ட் ப்ரோப் வாங்கலாம்?

பக் கன்வெர்ட்டர் (டிசி வோல்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட்), சின்ன டிசி மோட்டார், பேட்டரியில் ஓடும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, இந்த மூன்றையும் வீட்டு மேசையில் வைத்து நோண்டுகிறீர்கள். ஆசிலோஸ்கோப்புக்கு (சிக்னலின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) ஒரே ஒரு கரண்ட் ப்ரோப் (கரண்டை அளக்க அதில் மாட்டும் துணைக்கருவி) வாங்கினால் எது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பொருந்துகிற ஒரே ப்ரோப் கிடையாது. முதலில் எதை அளக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள், அப்புறம் பணத்தை எடுங்கள்.

பலரும் முதலில் பார்ப்பது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதை. என்னைக் கேட்டால் கடைசியாகப் பார்க்க வேண்டியதே அதுதான். மேசை வேலையில் 60 ஆம்பியரை யார் தொடப்போகிறார்கள்? அந்தக் கரண்ட் எவ்வளவு வேகமாக மாறுகிறது, நீங்கள் பார்க்க விரும்பும் மிகச் சின்ன அளவு எது, டிசியும் தெரிய வேண்டுமா, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

பரவலாகக் கிடைப்பது ஹால் சென்சார் (காந்தப்புலத்தை உணரும் சென்சார்) வைத்த க்ளாம்ப், அதாவது கம்பியைக் கவ்விப் பிடிக்கும் ப்ரோப். கம்பியை வெட்டாமல் மாட்டலாம், சர்க்யூட்டோடு மின்தொடர்பு இல்லை, டிசியும் காட்டும். மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்டைப் பார்க்க இதைவிட வசதியானது இல்லை. ஆனால் ஹான்டெக் சிசி-65 போன்றவற்றின் பேண்ட்விட்த் (சரியாகக் காட்டக்கூடிய வேகத்தின் எல்லை) 20 கிலோஹெர்ட்ஸ்தான். 0.35-ஐ அந்த பேண்ட்விட்த்தால் வகுத்தால் எழும் நேரம் (திடீர் மாற்றத்தைக் காட்ட ப்ரோப் எடுக்கும் நேரம்) 17.5 மைக்ரோசெகண்ட். உங்கள் பக் கன்வெர்ட்டர் 300 கிலோஹெர்ட்ஸில் ஓடினால், ப்ரோப் ஒரு முறை எழுவதற்குள் அங்கே ஐந்து சுற்று முடிந்துவிடும். டெக்ட்ரானிக்ஸ் ஏ622 மாதிரி 100 கிலோஹெர்ட்ஸ் க்ளாம்ப் என்றாலும் 3.5 மைக்ரோசெகண்ட், அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று. திரையில் சராசரி தெரியும், வடிவம் தெரியாது.

அந்த வடிவத்தில்தான் விஷயமே இருக்கிறது. கன்வெர்ட்டரின் இண்டக்டரில் (கம்பிச்சுருளில்) ஓடும் கரண்ட் நேர்கோடாக ஏறி நேர்கோடாக இறங்கும் முக்கோணம். லோடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே அந்த முக்கோணத்தின் உச்சியைக் கவனியுங்கள். ஓர் அளவுக்கு மேல் ஏறுகோட்டின் கடைசிப் பகுதி மேல்நோக்கி வளைந்து கூராகும். இண்டக்டர் சாச்சுரேட் ஆகிறது, அதாவது அதன் கோர் இனி காந்தப்புலத்தைத் தாங்க முடியாமல் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். கன்வெர்ட்டரில் ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் ஏன் சூடாகிறது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வதை இந்த ஒரு படம் தீர்த்துவிடும். ஆனால் இதைப் பார்க்க மெகாஹெர்ட்ஸ் கணக்கில் பேண்ட்விட்த் வேண்டும்.

டெக்ட்ரானிக்ஸ் டிசிபி202, ஹியோகி 3273-50 போன்றவை டிசியிலிருந்து 50 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். அருமையான கருவிகள், ஆனால் பொழுதுபோக்குக்கு விலை கட்டுப்படியாகாது. பழையது வாங்கலாம் என்று இறங்கினால் கனெக்டரைக் கவனியுங்கள். டிசிபி202 டெக்ட்ரானிக்ஸின் சொந்த இணைப்பு உள்ள ஸ்கோப்பில்தான் நேரடியாக வேலை செய்யும். அதே நிறுவனத்தின் ஏ6302 வாங்கினால் அதற்கான ஏஎம்503 ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்தே வேண்டும். அவர்களின் பி6021 சாதாரண பிஎன்சியில் (எல்லா ஸ்கோப்பிலும் இருக்கும் வட்டக் கனெக்டர்) மாட்டும். 120 ஹெர்ட்ஸ் முதல் 60 மெகாஹெர்ட்ஸ் வரை காட்டும், ஆனால் ஏசி மட்டும். கூடவே டிசி அதிகம் ஓடினால் அதன் கோரே சாச்சுரேட் ஆகிவிடும், அந்த வரம்பை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். கைவேலையில் ஆர்வம் இருந்தால் ஃபெரைட் வளையத்தில் 50 சுற்று சுற்றி, அதன் இரு முனைகளுக்கிடையே 50 ஓம் ரெசிஸ்டர் போட்டு முடித்தால், ஆம்பியருக்கு 1 வோல்ட் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் தயார். இதுவும் ஏசிக்குத்தான்.

இத்தனை சொன்னாலும், முதலில் நான் எடுக்கச் சொல்வது ஷன்ட் ரெசிஸ்டரைத்தான், அதாவது கரண்ட் ஓடும் பாதையில் போட்டு அதில் விழும் வோல்டேஜை அளக்கும் சின்ன ரெசிஸ்டர். 0.1 ஓமில் 1 ஆம்பியர் ஓடினால் 100 மில்லிவோல்ட், சாதாரண ஸ்கோப்பே தெளிவாகக் காட்டும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் வேண்டாம். 10 நானோஹென்றி இண்டக்டன்ஸ் இருந்தாலே, 10 நானோசெகண்டில் 1 ஆம்பியர் மாறும்போது 1 வோல்ட் கூர்முனை வரும். நீங்கள் தேடுகிற 100 மில்லிவோல்ட் அதில் மூழ்கிப்போகும். தட்டையான எஸ்எம்டி வகையை (போர்டின் மேல் நேராக ஒட்டும் சின்ன ரெசிஸ்டர்) போட்டு, ஸ்கோப்பின் சாதாரண வோல்டேஜ் ப்ரோப்பின் நீளமான கிரவுண்ட் கம்பியை விட்டுவிட்டுச் சின்ன ஸ்பிரிங்கால் தொடுங்கள். மெயின்ஸில் ஓடும் ஸ்கோப்பில் கிரவுண்ட் க்ளிப் நேராக எர்த்துக்குப் போகிறது என்பதை மறக்கவே கூடாது. ஷன்டை கிரவுண்ட் பக்கம் வையுங்கள், இல்லாவிட்டால் ஷன்டின் இரு முனைகளையும் இரண்டு சேனலில் அளந்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். ஸ்கோப்பின் எர்த்தை வெட்டுகிற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

பேட்டரி போர்டு தூங்கும்போது இழுக்கிற மைக்ரோஆம்பியருக்கு எந்த க்ளாம்ப்பும் உதவாது. ஷன்டும் திணறும்: 10 மைக்ரோஆம்பியருக்கு 10 ஓம் போட்டாலும் 100 மைக்ரோவோல்ட்தான், அதே போர்டு ரேடியோவுக்கு 200 மில்லிஆம்பியர் இழுக்கும்போது 2 வோல்ட் விழுந்து ரீசெட் ஆகிவிடும். இதற்கென்றே இருக்கும் நார்டிக் பவர் ப்ரொஃபைலர் கிட் 2 போன்றதை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1 ஆம்பியர் வரை அளவெல்லையைத் தானே மாற்றிக்கொள்ளும்.

ஆக, இப்போதைக்கு ஷன்ட். மோட்டார் வேலை அதிகமானால் பிஎன்சி உள்ள 100 கிலோஹெர்ட்ஸ் க்ளாம்ப். சின்ன கரண்ட் என்றால் கம்பியை அதன் வழியே பத்து முறை சுற்றுங்கள், சிக்னல் பத்து மடங்காகும். க்ளாம்ப் மாட்டும்போது ஸ்கோப்பின் அந்தச் சேனலை 1எக்ஸில் வைத்து, ஒவ்வொரு முறையும் பூஜ்யம் சரிசெய்துவிட்டு அளந்து பாருங்கள். பழைய க்ளாம்ப் வாங்கினால், போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் சேர்த்து உள்ளே விட்டுப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தாடைகள் சேரும் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள், அப்போதும் நிற்காததை வாங்காதீர்கள்.