பேராசிரியரைப் பார்த்துச் சிரிக்கலாமா? ஜாதியையும் கல்லூரியையும் கேலி செய்யும் நாவல்கள் – கேள்வி பதில்

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். நகரத்துக் கல்லூரிகளையும் அங்கே குடியிருக்கும் ஜாதியையும் கிண்டலடிக்கும் நாவல்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்ட இடங்களில் சேர்த்துப் பதில் எழுதிவிட்டேன்.

செல்வம், திருச்சி: மேடம், எங்கிருந்து ஆரம்பிப்பது? ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

ஸ்ரீவித்யா நடராஜன் எழுதிய 'நோ ஆனியன்ஸ் நார் கார்லிக்'. 2006-ல் வந்த ஆங்கில நாவல். கதை நடப்பது சென்னையில், ஒரு பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில். துறையில் பேராசிரியர் ராம் என்று ஒருவர். ஷேக்ஸ்பியரும் தன் ஜாதிப் பெருமையும் இரண்டுமே தனக்குப் பிறப்பிலேயே வந்துவிட்டது போல நடந்துகொள்ளும் ஆள்.

தலைப்பே ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்திலிருந்து எடுத்தது. மேடையேறும் முன் பாட்டம் என்ற நெசவாளி சக நடிகர்களைப் பார்த்து, வெங்காயம் பூண்டு எதுவும் சாப்பிட்டுத் தொலைக்காதீர்கள், நம் வாயிலிருந்து நல்ல மணம் வரவேண்டும் என்பான். லண்டன் மேடையில் அது வாய் நாற்றத்தைப் பற்றிய ஜோக். மயிலாப்பூர் சமையலறைக்கு வந்தால் அதுவே ஆசாரம். நாவலின் கதைக்கட்டும் ஷேக்ஸ்பியர் காமெடிதான்: காதல் குழப்பம், கல்யாணப் பேச்சு, ஆள்மாறாட்டம் எல்லாம் உண்டு. அந்தக் கூத்துக்கு நடுவில் இடஒதுக்கீட்டைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் எப்படியெல்லாம் பேசுவார்கள் என்பதை அப்படியே பிடித்திருக்கிறார். வாசிக்கும்போது எனக்குச் சில முகங்கள் ஞாபகம் வந்தன. பெயர் சொல்ல மாட்டேன்.

இவரே பின்னால் எஸ். ஆனந்துடன் சேர்ந்து அம்பேத்கர் வாழ்க்கையைச் சொல்லும் 'பீமாயணா' என்ற சித்திர நூலையும் எழுதினார்.

நித்யா, கோவை: 'சீரியஸ் மென்' படம் பார்த்துவிட்டேன் அக்கா. நாவலையும் படிக்க வேண்டுமா?

கட்டாயம் படியுங்கள். 2020-ல் சுதிர் மிஸ்ரா எடுத்த படத்தில் நவாசுதீன் சித்திக்கி அருமை, நம்ம நாசரும் விஞ்ஞானி ஆச்சார்யாவாக வருகிறார். ஆனால் படம் அப்பா மகன் கதையாகச் சுருங்கிவிட்டது. மனு ஜோசப்பின் 2010 நாவலில் பாதி சுவாரசியம் கதை நடக்கும் விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனத்துக்குள் இருக்கிறது.

நாவலின் நாயகன் அய்யன் மணி தலித். மும்பை வொர்லியில், 1920-களில் கட்டிய பி.டி.டி. சால் என்ற நெரிசலான அடுக்குக் குடியிருப்பில், ஒற்றை அறையில் குடும்பம் நடத்துகிறான். வேலை, அரவிந்த் ஆச்சார்யா என்ற பிராமண விஞ்ஞானிக்கு உதவியாளர். ஆச்சார்யாவுக்கு விண்வெளியிலிருந்து நுண்ணுயிர்கள் பூமிக்கு விழுகின்றன என்ற பிடிவாதம். பலூன் விட்டுப் பிடித்துக் காட்டவேண்டும். எதிர்கோஷ்டிக்கு ரேடியோ தொலைநோக்கியில் வேற்றுக்கிரக சிக்னல் கேட்கவேண்டும். அய்யன் மணிக்கு இது பிராமணர்களுக்குள் நடக்கும் பங்காளிச் சண்டை. வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான், காதில் விழுவதையெல்லாம் சேர்த்துவைத்துக்கொள்கிறான்.

எனக்குப் பிடித்த இடம் ஒன்று. நிறுவனத்தின் கரும்பலகையில் 'இன்றைய சிந்தனை' எழுதுவது அவன் வேலை. தினமும் தானே ஒரு வாசகத்தைக் கட்டி, உலகப் புகழ்பெற்ற யாராவது ஒருவர் தலையில் போட்டுவிடுவான். பல நாள் அது பிராமணர்களையோ சமஸ்கிருதத்தையோ வாருகிற வாசகமாக இருக்கும். அண்டத்தின் தோற்றத்தையே தோண்டித் துருவுகிற மேதைகள் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகிறார்கள், அதைச் சரிபார்க்கத்தான் ஆள் இல்லை. கீழே பெரிய பெயர் இருந்தால் மேலே என்ன எழுதியிருந்தாலும் நம்புவது படித்த கூட்டத்தின் வியாதி. பத்து வயது மகனை மேதை என்று ஊரை நம்பவைக்கும் பெரிய மோசடி முழுக்க இந்த ஒரு பலகையில் ஒத்திகை பார்க்கப்பட்டுவிடுகிறது.

அருண், சென்னை: அந்த நாவலில் தலித் பாத்திரம் மோசடிக்காரன்தானே? இதைப் படித்து மேல்ஜாதி வாசகர்கள் சிரிப்பது உறுத்தவில்லையா?

உறுத்த வேண்டிய கேள்விதான். நாவல் வந்தபோதே இந்த விமர்சனமும் வந்தது. கசப்பும் தந்திரமும் மட்டுமே அய்யன் மணிக்கு, நம்பிக்கையோ கூட்டாளிகளோ இல்லை என்றார்கள். அம்பேத்கர் இயக்கத்தின் வேர் ஊன்றிய மும்பையில், அதுவும் வொர்லியில், அவனைத் தனிமரமாக நிறுத்தியது எனக்கும் குறையாகவே படுகிறது.

ஆனாலும் நான் எப்போதும் பார்ப்பது ஒன்று: கதைக்குள்ளே யாருக்கு மூளை கொடுத்திருக்கிறார் எழுத்தாளர்? யார் ஜோக் அடிக்கிறார், யார் ஜோக் ஆகிறார்? நம்ம சினிமாவில் பல காலம் அடி வாங்குகிற, அசடு வழிகிற ஆள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பது சொல்லாமலே தெரியும். அய்யன் மணி அப்படி இல்லை. அந்தக் கட்டடத்தில் எல்லோரையும் முழுசாகப் படித்து வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். அவன் பொய்யன், சரி. பொய்யனாக இருக்கும் உரிமை மேல்ஜாதிக் கதாநாயகர்களுக்கு எத்தனை நாவலில் கொடுத்திருக்கிறோம்!

இன்னொன்று. 'நான் ஜாதியே பார்ப்பதில்லை' என்று மனதார நம்பும் பேராசிரியர் தன்னைப் பற்றி நினைப்பது ஒன்று, அவர் கை கையெழுத்துப் போடுவது வேறொன்று. காமெடிக்கு இதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. சோக நாவலில் இவர் வில்லனாகிவிடுவார். வில்லன் என்றால் படிப்பவர் 'இது நான் இல்லை' என்று தப்பித்துக்கொள்வார். சிரித்துவிட்டால் அவ்வளவு சுலபமாகத் தப்பிக்க முடியாது.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒருவர்: இந்தக் காலத்தில் யார் மேடம் காலேஜில் ஜாதி பார்க்கிறார்கள்?

உங்கள் கேள்வி நல்ல முதல் வரி. அங்கிருந்தே நாவலை ஆரம்பிக்கலாம்.

ஷாலினி, பெங்களூரு, முத்துக்குமார், நெல்லை: ஹிந்தி, மராத்தியில் என்ன இருக்கிறது?

ஹிந்தியில் உதய் பிரகாஷின் 'பீலி சத்ரீ வாலீ லட்கீ'. ராகுல் என்ற மாணவன் மஞ்சள் குடை பிடித்த அஞ்சலி ஜோஷிக்காக, படிக்க வந்த மானுடவியலை விட்டுவிட்டு ஹிந்தித் துறையில் சேருகிறான். போனால் அந்தத் துறை முழுக்கப் பிராமணர்கள் கையில். காதல் கதை என்று உள்ளே இழுத்து, ஒரு மொழித்துறை எப்படி ஒரு ஜாதியின் பட்டா நிலமாகிறது என்று காட்டுகிறார். முழுக்கச் சிரிப்பு நாவல் இல்லை, கோபம் நிறைய. ஜேசன் க்ரூன்பாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார்.

ஸ்ரீலால் சுக்லாவின் 'ராக் தர்பாரி' (1968) சிவ்பால்கஞ்ச் என்ற கிராமத்துக் கதை, ஆனால் அங்குள்ள இன்டர்மீடியட் காலேஜின் நிர்வாகக்குழு அரசியல் தெரிந்தவர்களுக்கு எந்த நகரத்துக் கல்லூரியும் புதிதாக இருக்காது. நாட்டின் கல்விமுறை நடுத்தெருவில் படுத்துக்கிடக்கும் நாய், போகிற வருகிறவன் எல்லாம் உதைக்கலாம் என்று எழுதிய மனிதர். சாகித்திய அகாதமியும் கொடுத்தார்கள். மராத்தியில் பாலச்சந்திர நெமாடே: 'கோசலா' (1963) புனேயில் படிக்கப் போன கிராமத்துப் பையனின் கதை.

விக்னேஷ், ஓசூர்: 'ஃபைவ் பாயின்ட் சம்வன்' நாவலை ஏன் சேர்க்கவில்லை?

ஐ.ஐ.டி. ஹாஸ்டல், மார்க், பேராசிரியர் மகள் எல்லாம் இருக்கிறது, ஜாதியைத்தான் காணோம். 2004-ல் வந்த நாவல். ரெண்டே வருடத்தில், மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் என்றதும் அதே மாதிரி வளாகங்களில் எவ்வளவு கூச்சல்! அதுவரை ஜாதி எங்கே ஒளிந்திருந்தது என்று அந்த ஹாஸ்டலைப் பார்த்து ஒருவர் காமெடி எழுதலாம்.

மேரி, தூத்துக்குடி, கதிர், புதுச்சேரி, இன்னும் பலர்: தமிழிலேயே இல்லையா?

இதைக் கேட்க மாட்டீர்களா என்றுதான் காத்திருந்தேன். ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002), அதன் தொடர்ச்சியான 'காலச்சுமை'. தன் கதையைத்தான் எழுதினார், ஆனால் 'சிலுவை' என்று படர்க்கையில் நிறுத்தி, தன்னையே வாருகிறார். தலித் வாழ்க்கை என்றால் கண்ணீர்தான் என்று எதிர்பார்த்துப் போனால், பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கவைத்து ஏமாற்றிவிடுவார்.

வேலை தேடும் படலத்தைப் பாருங்கள். சிலுவைராஜ் எம்.ஏ. படித்த தலித் கிறிஸ்தவன். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் ஜாதி என்றால் இந்துவாக இருக்கவேண்டும். சீக்கியர்களை 1956-லும் பௌத்தர்களை 1990-லும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. ஊர்க்காரன் கண்ணில் அவன் பறையன், சர்ச்சிலும் அதேதான். சர்ட்டிஃபிகேட் கொடுக்கும் அதிகாரிக்கு மட்டும் அவன் அது இல்லை! கடைசியில் வேலைக்காக இந்துவாக மாறுகிறான். இதில் எழுத்தாளர் கற்பனையாகச் சேர்க்க எதுவும் இல்லை, ஆணையே காமெடியாக இருக்கிறது. 'காலச்சுமை'யில் சிலுவை கல்லூரி ஆசிரியராகிவிடுகிறான். வாடகை வீடு தேடுவதும் சக ஆசிரியர்களின் பேச்சும் அங்கே அப்படியே.

ஆய்வு மாணவர், ஊர் குறிப்பிடவில்லை: நானே ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கைடு தன்னை அடையாளம் கண்டுகொள்வாரோ என்று பயம்.

தம்பி, அவர் கண்டுகொள்ள மாட்டார். பக்கத்து அறைக்காரரைப் பற்றி என்று நினைத்து ரசிப்பார். இருந்தாலும் வைவா முடியும்வரை கையெழுத்துப் பிரதியை வீட்டிலேயே வையுங்கள்.

எழுதும்போது பெரிய சம்பவங்களைத் துரத்தாதீர்கள். நம் பக்கம் பெயருக்குப் பின்னால் ஜாதி ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, அதனால் மனுஷர்கள் சுற்றிவளைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். 'சொந்த ஊர் எது?', 'அதில் எந்தப் பக்கம்?', 'குலதெய்வம்?', 'நீங்க சைவமா?' இந்த நாலு கேள்வியை ஒரு நேர்முகத் தேர்வில் வரிசையாக வைத்தால் ஒரு அத்தியாயம் ஆச்சு. ரிசர்வேஷன் இடத்துக்கு ஆள் எடுக்கும் கூட்டத்தில் பத்துப் பேரைப் பார்த்துவிட்டு 'நாட் ஃபவுண்ட் சூட்டபிள்', அதாவது தகுந்த ஆள் இல்லை, என்று ஒரு வரி எழுதி, ஏலக்காய் டீ குடித்துவிட்டுக் கலைவது இன்னொரு அத்தியாயம். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு 'வெஜ் டேபிள்' என்றார்கள். நான் சுத்த சைவம், ஆனால் ஒருநாளும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. இதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேவதி, வேலூர்: என் அப்பா தமிழ் மட்டும்தான் படிப்பார், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அவருக்கு எதை வாங்கித் தருவது?

'சிலுவைராஜ் சரித்திரம்'. புத்தகம் தடிமன், அதைப் பார்த்து அப்பா மிரள வேண்டாம். பள்ளிக்கூடப் பகுதி தொடங்கினால் தலைமை ஆசிரியருக்குக் கீழே வைக்க மனசு வராது. அப்புறம் 'காலச்சுமை'. அவர் திட்டினாலும் எனக்கு எழுதுங்கள்.