மனநலச் சிகிச்சைக் குறிப்புகளை நோயாளி படிக்கலாமா?

கேள்வி: என் வயது 34. மனச்சோர்வு நோய்க்காக இரண்டு ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்று வருகிறேன். நோயாளிகள் தங்கள் மருத்துவக் குறிப்புகளைக் கைப்பேசியிலேயே பார்க்கும் வசதியை எங்கள் மருத்துவமனை அண்மையில் தொடங்கியது. ஓர் இரவு திறந்து பார்த்தேன். ‘டினைஸ் சூயிசைடல் தாட்ஸ்’, ‘இன்சைட் 4/6’, ‘பைபோலார்?’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் பொய் சொல்வதாக மருத்துவர் நினைக்கிறாரா? எனக்கு இல்லாத நோயை ஏன் எழுதினார்? இனிப் படிக்காமல் இருப்பதே நல்லதா?

பதில்: படிக்கலாம். அவை உங்களைப் பற்றிய குறிப்புகள். ஆனால் அவை மருத்துவர்கள் தங்களுக்குள் பழகிய ஒரு சுருக்க மொழியில் எழுதப்பட்டவை என்பதால், உங்களைப் புண்படுத்திய அந்த மூன்று வரிகளையும் முதலில் விளக்கிவிடுகிறேன்.

‘சூயிசைடல் தாட்ஸ்’ என்பது தற்கொலை எண்ணங்கள். ‘டினைஸ்’ என்ற சொல்லுக்கு ‘மறுக்கிறார்’ என்று அகராதி பொருள் சொல்லும். மருத்துவக் குறிப்பில் அதன் பொருள், ‘கேட்டோம், இல்லை என்றார்’ என்பது மட்டுமே; காய்ச்சல் இல்லை என்று சொன்னவரைப் பற்றியும் இதே சொல்லைத்தான் எழுதுவோம். உங்கள் சொல்லை உங்கள் மருத்துவர் சந்தேகித்ததாக இதிலிருந்து கொள்ள முடியாது. ஆயினும், குற்றம் சாட்டப்பட்டவர் மறுப்பதைப் போன்ற ஒலி அந்தச் சொல்லில் இருப்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகள் அதை எழுதிவந்த நானும், நோயாளிகள் படிக்கத் தொடங்கிய பிறகு, ‘கேட்டபோது இல்லை என்றார்’ என்றே எழுதுகிறேன்.

‘இன்சைட் 4/6’ என்பது தேர்வு மதிப்பெண் அன்று. தனக்கு நோய் இருப்பதை ஒருவர் எந்த அளவுக்கு உணர்ந்திருக்கிறார் என்பதை ஆறு படிகளாகப் பிரித்துக் குறிக்கும் வழக்கம் மனநல மருத்துவத்தில் உண்டு. நோயே இல்லை என்று முற்றாகச் சொல்வது முதல் படி. நோயை உணர்ந்து, அந்த உணர்வு நடத்தையையும் மாற்றும் நிலை ஆறாவது படி. தனக்குள் ஏதோ ஒன்று சரியில்லை, அது என்னவென்று தெரியவில்லை என்பது நான்காவது. இது அன்றைய நாளின் நிலையைக் குறிப்பது, அடுத்த சந்திப்பில் மாறக்கூடியது.

‘பைபோலார்’ என்பதன் அருகில் உள்ள கேள்விக்குறியைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மனச்சோர்வோடு வரும் சிலருக்குப் பின்னாளில் மிகையான எழுச்சி நிலையும், அதாவது அளவுமீறிய உற்சாகமும், வருவதுண்டு; இவ்விரு நிலைகளும் மாறி வரும் நோயே பைபோலார். அத்தகையவர்களுக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் அந்த எழுச்சி தூண்டப்படலாம் என்பதால், கவனமுள்ள மருத்துவர் அந்த வாய்ப்பை மனத்தில் வைத்து ஒரு கேள்விக்குறியுடன் எழுதிவைப்பார். அது நோய் முடிவு அன்று. ஆனால் அதை உங்களிடம் வாய்மொழியாகச் சொல்லாமல், இரவில் தனியாகத் திரையில் நீங்கள் கண்டுகொள்ளும்படி விட்டது சரியில்லை.

இந்தத் திறந்த முறை புதிதன்று. அமெரிக்காவில் 2010-இல் நூற்றுக்கும் மேற்பட்ட பொது மருத்துவர்கள் தங்கள் குறிப்புகளை நோயாளிகளுக்குத் திறந்துவைத்துப் பார்த்தனர். 2014-இல் பாஸ்டனில் ஒரு மருத்துவமனை மனநலக் குறிப்புகளையும் திறந்தது. 2015-இல் ஸ்வீடனின் ஸ்கோனே மாகாணமும் அவ்வாறே செய்தது. தொடங்கும் முன் மருத்துவர்களிடம் அச்சம் மிகுதியாக இருந்தது. படித்தவர்களில் பலர் தங்கள் சிகிச்சையை மேலும் நன்றாகப் புரிந்துகொண்டதாகக் கூறினர். உங்களைப் போல் வருந்தியவர்களும் இருந்தனர். மருத்துவருக்கு மனநோயாளி மீது மதிப்பு இருந்தால் அது எழுத்தில் தெரியும், இல்லையென்றால் அதுவும் தெரியும். ஆகவே நீங்கள் படிப்பது எங்களையும் ஒழுங்குபடுத்துகிறது என்றே நான் கருதுகிறேன்.

எல்லாமே திறந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெளியிட்டால் நோயாளிக்குக் கடுமையான மனப்பாதிப்போ பிறருக்குத் தீங்கோ நேரும் என்று கருதும் பகுதியை மருத்துவர் நிறுத்திவைக்கச் சில நாடுகளின் சட்டம் இடமளிக்கிறது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் அவற்றுள் ஒன்று. அப்படி நிறுத்திவைத்ததை மறுஆய்வு செய்யக் கோரவும் அச்சட்டம் வழி தருகிறது.

மருந்தின் அளவு, ஒவ்வாமை, நிகழ்வின் ஆண்டு போன்றவை தவறாக இருந்தால் திருத்தும்படி கேளுங்கள். மருத்துவரின் கணிப்பை நீங்கள் ஏற்காவிட்டால் அதை அழிக்கச் சொல்வதைவிட, உங்கள் கூற்றையும் குறிப்புடன் சேர்க்கும்படி கேட்பதே பயன்தரும். மருத்துவ ஆவணத்தில் பழைய பதிவைப் பொதுவாக அழிப்பதில்லை.

கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். குடும்பத்தினர் எடுத்துப் பார்க்கும் கைப்பேசியில் உங்கள் குறிப்புகள் தானாகத் திறந்தால், மருத்துவரை நம்பி நீங்கள் சொன்னதெல்லாம் அவர்கள் கண்ணிலும் படும். பூட்டையும், திரையில் தோன்றும் அறிவிப்பையும் இன்றே சரிசெய்யுங்கள்.

நோய் கடுமையாக இருக்கும் நாள்களிலும், உறங்கப் போகும் முன்பும் படிக்காதீர்கள். படித்தபின் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல், உடனே அருகிலிருப்பவரிடம் சொல்லி அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். மற்றபடி அந்த மூன்று வரிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், அவற்றுக்கென்று பத்து நிமிடம் வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ‘பைபோலார்?’ என்பதிலிருந்தே தொடங்குங்கள், உங்கள் மருந்தோடு நேரடித் தொடர்புடையது அதுதான். அவர் விளக்கும்வரை மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.