'ரோமில் இருக்கும்போது ரோமானியரைப் போல் இரு' என்பதற்கு இணையான தமிழ்ப் பழமொழி உண்டா?

உண்டு. 'பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுக்கண்டம் நமக்கு.' சிலர் நடுத்துண்டு என்பார்கள், சிலர் நடுமுறி என்பார்கள். நீங்கள் கேட்டு வளர்ந்தது வேறு வடிவமாக இருந்தால் திருத்த வராதீர்கள், எல்லாமே வழக்கில் இருப்பவைதான்.

இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த ஒரு வரிக்காக நான் ஒரு வாரம் மின்னஞ்சலில் மல்லுக்கட்டியிருக்கிறேன். நீங்கள் மொழிபெயர்ப்புக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் உங்களுக்கும் இது நடக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், வேலைக்காக வெளிநாடு போகிறவர்களுக்கான கையேடு ஒன்று என்னிடம் வந்தது. முதல் அத்தியாயத்தின் தலைப்பே இந்த ரோம் பழமொழி. யோசிக்கவே இல்லை, பாம்பைப் போட்டேன். போட்டுவிட்டு எனக்கே ஒரு பெருமை வேறு. இரண்டாம் நாள் பதில் வந்தது: "நாம் போகிற நாட்டுக்காரர்களைப் பாம்பு தின்கிறவர்கள் என்கிறீர்களா? உடனே நீக்கவும்."

அந்தப் பாம்பு எந்த நாட்டையும் குறிக்கவில்லை என்று விளக்கினேன். நடுக்கண்டம் என்றால் சதைப்பற்றுள்ள நடுப்பகுதி. முகம் சுளித்துக்கொண்டு வாலைக் கொறிக்காதே, போனது போனாய், நல்ல துண்டாகவே கேட்டு வாங்கு என்பதுதான் அதிலுள்ள குறும்பு. மலையாளத்திலும் இதே பழமொழி உண்டு, அங்கே சாரைப்பாம்பு என்று இனத்தையே சொல்கிறார்கள் என்றும் சேர்த்து எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது. "இது இன்னும் மோசம்" என்று வந்தது.

சரி, ரோம் கதையையாவது சொல்வோம் என்று பார்த்தேன். 4ஆம் நூற்றாண்டில் ரோமில் சனிக்கிழமை நோன்பு வழக்கம், மிலானில் கிடையாது. மகனைத் தேடி மிலானுக்கு வந்த மோனிக்காவுக்கு எதைப் பின்பற்றுவது என்று குழப்பம். மகன் அகஸ்டின், அந்த ஊர் ஆயர் அம்புரோசிடம் போய்க் கேட்டார். "ரோமுக்குப் போனால் நோன்பிருக்கிறேன், இங்கே இருந்தால் இருப்பதில்லை" என்றார் அவர். பழமொழியின் வேர் அதுதான். ஆக அவர்களுடையது பட்டினியில் பிறந்தது, நம்முடையது பந்தியில். இதை நான் ரசித்து எழுதி அனுப்பினேன். அங்கே யாரும் ரசிக்கவில்லை.

பதிலுக்கு, 'உலகத்தோடு ஒட்ட ஒழுகல்' என்ற 140ஆம் குறளைப் போடலாமே என்றார்கள். பரிமேலழகர் அதற்கு உயர்ந்தோர் ஒழுகியபடி ஒழுகுவது என்று உரை சொல்கிறார். புது ஊருக்குப் போய் இறங்கியவன் அந்த ஊர் வழக்கத்தைப் பார்த்து நடப்பது வேறு சங்கதி இல்லையா? (குறளையே குறை சொல்கிறான் என்று கிளம்பாதீர்கள். குறள் சரி, வைக்கப்பார்த்த இடம்தான் சரியில்லை.) 'ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு' என்பதையும் சிலர் இங்கே கொண்டுவருவார்கள். அது ஊரே பதறி ஓடும் நேரத்துக்கானது. ஔவையாரின் 'தேசத்தோடு ஒட்டி வாழ்' பொருந்தும், யாரும் கோபிக்கவும் மாட்டார்கள். ஆனால் அதில் சிரிப்பு இல்லை. மலாய்க்காரர்கள், ஆட்டுக்கொட்டிலுக்குள் போனால் ஆடு போலக் கத்து, எருமைக்கொட்டிலுக்குள் போனால் எருமை போலக் கத்து என்பார்கள். நல்லவேளை, அதை நான் அனுப்பவில்லை.

கடைசியில் அச்சானது 'ரோமில் இருக்கும்போது ரோமானியர்கள் செய்வதைச் செய்யுங்கள்' என்பது. கையேட்டை வாங்கியவர்களில் ஒருவர், "நாம் ரோமுக்கா போகிறோம்?" என்று கேட்டாராம்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். எனக்குக் கூலி, தமிழில் எத்தனை சொல் வருகிறதோ அத்தனைக்கு. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக நீளுவது நம்மிடம் 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்று ஒரே சொல்லில் அடங்கிவிடும். இப்படிக் கூலி கொடுத்தால் தமிழில் எழுதுகிறவனுக்கு என்ன மிஞ்சும்? பாம்புப் பழமொழியில் ஆறு சொல், ரோமில் ஐந்து. அந்த ஒரு சொல்லுக்கான காசையும் கழித்துக்கொண்டுதான், நான்கு மாதம் கழித்துப் பணம் அனுப்பினார்கள்.