ஆச்சியைக் கேளுங்கள்: கூட்டிக்கொண்ட பிள்ளைகள்

கேள்வி: ஆச்சி, மூலக்கதையில் இல்லாத ஒருவரைத் தொடரிலோ படத்திலோ புதிதாகச் சேர்க்கிறார்கள். பிறகு அவரை மூலக்கதைக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறார்கள். இது சரியா?
– கல்லூரி மாணவி, தேவகோட்டை

பதில்: எனக்குச் சரியாகத்தான் படுகிறது, ஆத்தா. ஹார்லி க்வின்னையே எடுத்துக்கொள். பேட்மேன் கார்ட்டூன் தொடருக்காக பால் டினியும் புரூஸ் டிம்மும் உருவாக்கியவள். 1992இல் பேட்மேனின் எதிரி ஜோக்கரின் கையாளாக ஒரே ஒரு பகுதியில் வந்துபோக வேண்டியவள். பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போக, திரும்பத் திரும்ப வந்தாள். 1993இல் அந்தத் தொடரை ஒட்டிய காமிக்ஸில் நுழைந்தாள். 1999இல் பேட்மேனின் மூலக் காமிக்ஸ் உலகத்திலேயே குடியேறிவிட்டாள். அப்புறம் அவள் பெயரிலேயே காமிக்ஸ் வந்தது. சூப்பர்மேன் கதையின் பத்திரிகை ஆசிரியர் பெர்ரி ஒயிட்டும் 1940இல் வானொலித் தொடரில் பிறந்தவர்தான்.

நம் பக்கம் பிள்ளை கூட்டிக்கொண்டால், அதாவது தத்தெடுத்தால், வீட்டில் அவனுக்கு முழு உரிமை. ஹார்லிக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். எங்கே பிறந்தாள் என்று பிரித்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

காமிக்ஸ் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டே இருப்பதால்தான் இது நடக்கிறது. முடிந்துபோன காவியத்தில் நடக்காது. வீடணன் இராவணனுக்குச் சொல்லும் இரணியன் கதையைக் கம்பன் தனிப் படலமாகவே பாடினான். வால்மீகியில் அது இல்லை. காரைக்குடி கம்பன் விழாவில் யாராவது அந்தப் படலத்தைப் பேசினால் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். அது கம்பனிடமே இருக்கட்டும்.

நீ ஹார்லியை முதலில் கார்ட்டூனில் பார். காமிக்ஸை அப்புறம் படி.